வாய்க்காலில் ஒரு துப்புரவு விழா

நகரத்தின் நட்டநடுவில், பெரிய கடைவீதிக்கும் பேருந்து நிலையத்துக்கும் இடையில் ஒரு குளம் இருந்தது. அதில் மரகதம் என்ற தவளை தன் பிள்ளைகளோடு குடியிருந்தது. பிள்ளைகள் எல்லாம் இன்னும் தலைப்பிரட்டைகள். கால் முளைக்காத வயது. தண்ணீர் வற்றினால் வேறு இடம் தேடிப் போகக்கூட அவற்றால் முடியாது.

அந்தக் கோடையில் குளம் வற்றிக்கொண்டே வந்தது. ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்தது. மழை பெய்தால் கடைவீதியிலிருந்து ஒரு வாய்க்கால் வழியாகக் குளத்துக்குத் தண்ணீர் வரும். ஆனால் அந்த வாய்க்கால் முழுக்கப் பாலித்தீன் பையும் காகிதக் கோப்பையும் அடைத்துக் கிடந்தன.

மரகதம் நேராகக் கழுதை பரமானந்தத்திடம் போனது. கடைவீதி விலங்குகள் நலச் சங்கத்துக்கு அதுதான் தலைவர். அந்தப் பதவிக்கு அதனிடம் இருந்த ஒரே தகுதி அதன் குரல். மைக் இல்லாமலே நாலு தெருவுக்குக் கேட்கும்.

"தலைவரே, வாய்க்கால் அடைச்சுக் கெடக்கு. மழைக்கு முன்னாடி அள்ளிட்டா எம் புள்ளைங்க பொழைச்சுக்கும்" என்றது மரகதம்.

"அள்ளிடலாம்மா. ஆனா சும்மா அள்ளிட முடியுமா? ஒரு விழா வைக்கணும்ல?"

"விழா எதுக்குங்க? குனிஞ்சு அள்ளினா முடிஞ்சுது."

பக்கத்தில் நின்ற வெள்ளாடு குறுக்கிட்டது. அது சங்கத்தின் செயலாளர். "அப்படிச் சொல்லாதே. விழா இல்லாம குப்பை அள்ளினா, நம்மள வேலை செய்யறவங்கன்னு ஊரு நினைச்சுக்கும்" என்றது.

அன்று சாயங்காலமே கூட்டம் போட்டார்கள். வரவேற்புரை யார், நன்றியுரை யார் என்று இருட்டும்வரை சண்டை நடந்தது. கடைசியில் வரவேற்புரை காகத்துக்கும் நன்றியுரை பூனைக்கும் என்று முடிவானது. கோயில் காளை சிறப்பு விருந்தினர். விழா ஞாயிற்றுக்கிழமை காலை. குப்பையை அள்ளப்போவது யார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

மரகதத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. பிள்ளைகள் கிடந்த தண்ணீர் நாளுக்கு நாள் சுருங்கியது. வாய்க்கால் ஓரத்தில் வசித்த பெருச்சாளியை அது துணைக்கு அழைத்தது. இரண்டும் சனிக்கிழமை பொழுதன்றைக்கும் வேலை பார்த்தன. பெருச்சாளி பைகளைப் பல்லால் கவ்வி இழுத்தது. தவளை பின்னாலிருந்து உதைத்துத் தள்ளியது. எல்லாவற்றையும் குப்பைத் தொட்டியில் போட்டு முடித்தபோது வாய்க்கால் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. மரகதத்துக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலை விழாக் குழுவினர் தடபுடலாக வந்து சேர்ந்தார்கள். வெள்ளாடு வாய்க்காலை எட்டிப் பார்த்தது. ஏற்கெனவே வெள்ளையான அதன் முகம் இன்னும் வெளுத்தது.

"தலைவரே, குப்பையைக் காணோம்."

"காணோமா? முந்தாநாள் வரைக்கும் இருந்துச்சே. எவன் திருடினான்?" என்று பரமானந்தம் கத்தியது.

மரகதம் பெருமையாக முன்னால் வந்தது. "யாரும் திருடலைங்க. நாங்க ரெண்டு பேருமே அள்ளிட்டோம்."

கூட்டமே அதைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தது.

"உனக்கு அறிவிருக்காம்மா? காளை ஐயா கெளம்பிட்டாரு. வந்து எதை அள்ளுவாரு? என் மூஞ்சியையா?" என்றது கழுதை.

பூனையும் முனகியது. "குப்பையை அகற்றிய காளையாருக்கு நன்றின்னு மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேன். இப்ப வந்து மாத்தச் சொன்னா எனக்கு வராது."

பரமானந்தம் உத்தரவு போட்டது. குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தார்கள். அதுவரை ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடாத விலங்குகள் ஓடி ஓடி உழைத்தன. காய்கறி மார்க்கெட்டிலிருந்து அழுகின முட்டைக்கோசு வந்தது. இளநீர்க் கடையிலிருந்து மட்டை வந்தது. "வர்றவரு பெரியவரு. கொஞ்சமாக் குப்பை வச்சா மரியாதையா இருக்காது" என்றது வெள்ளாடு. வாய்க்கால் முன்பைவிட இரண்டு மடங்கு அடைத்துக்கொண்டது. மரகதம் குறுக்கே விழுந்து தடுத்தது. அதை நாசூக்காகத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டார்கள்.

காலை விழாவுக்குக் காளை மதியம் வந்தது. காகம் வரவேற்றது. காளைக்குப் போட வேண்டிய மாலையில் பாதியை அதற்குள் வெள்ளாடு தின்றிருந்தது. மீதியைக் கழுத்தில் வாங்கிய காளை, பேசிக்கொண்டே அதையும் தின்று தீர்த்தது. பிறகு ஒரே ஒரு காகிதக் கோப்பையைக் கொம்பால் எடுத்துத் தொட்டியில் போட்டது. கை உள்ளவை கைதட்டின, இறக்கை உள்ளவை இறக்கை தட்டின. பூனை நன்றி சொன்னது. விழா முடிந்தது.

அப்போது இடி இடித்தது. மழைத்துளி விழத் தொடங்கியது. விலங்குகள் எல்லாம் கடைத் தாழ்வாரங்களைப் பார்த்து ஓடக் கிளம்பின.

கெஞ்சினால் யாரும் நிற்கப்போவதில்லை என்று மரகதத்துக்குத் தெரியும். அதனால் கழுதையின் காதருகே ஒரு கல்மேல் தாவி ஏறியது.

"தலைவரே, விழா ஜோரா நடந்துச்சு. ஒரே ஒரு குறைதான். இத்தனை பெரிய மனுஷங்க இருக்கிற கூட்டத்துல ஒருத்தருக்கு மட்டும் சிறப்பு விருந்தினர் மரியாதை கொடுத்தது நியாயமா?"

பரமானந்தம் நின்றது. "என்னம்மா சொல்ற?"

"எல்லாரையும் சிறப்பு விருந்தினர்னு அறிவிச்சிருங்க. ஒவ்வொருத்தரா வந்து ஒரு குப்பையை எடுத்துத் தொட்டியில போடட்டும். மத்தவங்க கைதட்டட்டும். முதல்ல நீங்க."

கழுதை ஒரு இளநீர் மட்டையைக் கவ்விக்கொண்டு போய்த் தொட்டியில் போட்டது. கைதட்டல் காதைப் பிளந்தது. கழுதைக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"இன்னொரு தடவை எடுக்கலாமா?" என்று கேட்டது.

"வரிசையில வாங்க தலைவரே. பின்னாடி சேவல் நிக்குது" என்றது மரகதம்.

மழை வலுத்தது. ஒருவரும் நகரவில்லை. வரிசை சுற்றிச் சுற்றி வந்தது. பூனை ஒவ்வொரு குப்பைக்கும் முழு நன்றியுரை ஆற்றி, குரல் கட்டிப்போய், கடைசியில் வாலை மட்டும் ஆட்டியது. கோயிலுக்குக் கிளம்பிப் போன காளைகூடத் திரும்பி வந்து, "எனக்கு இன்னொரு கோப்பை கிடைக்குமா?" என்று வெட்கத்தோடு கேட்டது. கடைசிப் பாலித்தீன் பைக்குக் கழுதையும் வெள்ளாடும் அடித்துக்கொண்டன. பை இரண்டாகக் கிழிந்தது. ஆளுக்குப் பாதி என்று இருவருக்கும் தனித்தனியாகக் கைதட்டினார்கள்.

அடைப்பு விட்டதும் தண்ணீர் குபுகுபுவென்று குளத்துக்குப் பாய்ந்தது. சேற்றில் வாலை அடித்துத் துடித்துக்கொண்டிருந்த தலைப்பிரட்டைகளை அது மெல்ல மிதக்க வைத்தது. மரகதம் தண்ணீரில் குதித்து, பிள்ளைகளுக்கு நடுவே போய் மிதந்தது. போன உயிர் திரும்பி வந்தது அதற்கு.

கழுதை கரையில் வந்து நின்றது. நனைந்த காதுகளை உதறிக்கொண்டது.

"பாத்தியாம்மா? விழா வச்சதாலதான் வேலை நடந்துச்சு."

"ஆமாங்க தலைவரே" என்றது மரகதம். "நேத்தே முடிஞ்ச வேலை, நீங்க விழா வச்சதால இன்னிக்கு இன்னொரு தடவை நடந்துச்சு."

ஊருக்காக வேலை செய்கிறவர்கள் விழாவுக்குக் காத்திருப்பதில்லை. விழாவுக்காக வேலை செய்கிறவர்கள் முடிந்த வேலையையும் கெடுத்து வைப்பார்கள்.