வெளியே போகாத தட்டு

இந்தக் கதையில் நான்கு தட்டுகள் வருகின்றன. நான்கின் மீதும் ஒரு கண் இருக்கட்டும். பிறகு என்மேல் பழி போடக் கூடாது.

மதுரை ஆய்வுக்கூடம் ஒன்றில் புற்றுநோய்ச் செல்களைத் தட்டில் வளர்த்து வந்தாள் மங்கையர்க்கரசி. தனித்தனியே கொஞ்சமே பலிக்கும் மருந்தும் கதிர்வீச்சும் ஒன்று சேர்ந்தால் அந்தச் செல்களைப் பூண்டோடு அழிக்கும் என்று வருஷக்கணக்காக நம்பியிருந்தவள் அவள்.

முதல் தட்டுக்கு ஒன்றுமில்லை. இரண்டாவதற்கு மருந்து, மூன்றாவதற்குக் கதிர், நான்காவதற்கு இரண்டும். கதிர் எந்திரம் இருந்ததோ ஊரின் மறுகோடி மருத்துவமனையில். கதிர் படவேண்டிய இரு தட்டுகளையும் தெர்மாகோல் பெட்டியில் வைத்து, கொட்டும் மழையில் ஆட்டோவில் கொண்டுபோய், ஏசி அறையில் நடுங்கியபடி காத்திருந்து திரும்பினாள். மற்ற இரண்டும் உடம்புச் சூடு மாறாத இன்குபேட்டரில் சுகமாக இருந்தன.

சில நாள் கழித்துச் சாயம் ஊற்றியபோது, உயிரோடு பெருகிய செல்கள் ஊதாப் பொட்டுகளாகத் தெரிந்தன. முதல் தட்டில் அப்பிக் கிடந்தன. அடுத்த இரண்டில் சற்றே குறைவு. நான்காவதில் பேருக்குக்கூட ஒன்றில்லை! மங்கைக்குக் கால் தரையில் பாவவில்லை.

மாநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பேராசிரியர் சுபைதாவுக்கும் பரபரப்பு தொற்றிக்கொண்டது. மங்கையின் பெயரைச் சொல்லி நாளைக்கே மேடையில் அறிவிக்கட்டுமா என்று கேட்டார்.

பக்கத்து மேசை எட்வின் குறுக்கிட்டான். "வேணாம் மேடம். ரெண்டாவது தட்டு வெளியவே போகலையே."

மங்கைக்குச் சுருக்கென்றது. "மூணாவது போச்சுல்ல எட்வின்? அதே ஆட்டோ, அதே குளிரு. அது நல்லாத்தானே இருக்கு? மருந்தும் கதிரும் சேர்ந்துதான் கொன்னிருக்கு."

சுபைதா பயணப்பெட்டியைக் கீழே வைத்தார். அறிவிப்பதா, காத்திருப்பதா? இருவரில் யார் பேச்சைக் கேட்பது சரி?

விடை: எட்வின் பேச்சைத்தான். மூன்றாவது தட்டு குளிரைத் தாங்கியது உண்மை. ஆனால் அதில் மருந்து இல்லை; மருந்து இருந்த இரண்டாவதோ குளிரைப் பார்க்கவே இல்லை. மருந்தும் குளிரும் சேர்ந்தே நான்காவதை முடித்திருக்கலாமே? சுபைதா மாநாட்டில் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. மறுமுறை, புதிதாக வளர்த்த நான்கு தட்டுகளும் ஆட்டோ ஏறின. கதிர் தேவைப்படாத இரண்டும் அதே குளிரில் காத்திருந்துவிட்டுத் திரும்பின. சாயம் ஊற்றினால், இரண்டாவதில் பொட்டுகள் முன்போலவே இருந்தன; நான்காவது மறுபடியும் வெறுமை. மங்கை சொன்னதுதான் நடந்திருந்தது.

"அன்னைக்கு நான் நம்பினேன். இன்னைக்குத்தான் எனக்குத் தெரியும்" என்று எட்வினிடம் சிரித்தபடி சொல்லிவிட்டு, மேடத்துக்குப் போன் போட ஓடினாள்.