மூலையில் இரண்டு வரி

எங்கள் ஊர்ப் பத்திரிகை ஆபீசில் டைப் அடிக்கும் எஸ்தர், பெண்கள் கால்பந்து இறுதி ஆட்டத்தின் படத்தோடு விளையாட்டுப் பக்க ஆசிரியர் தாமோதரன் முன்னால் போய் நின்றாள். பேப்பரில் படம் வந்தால்தான் அடுத்த வருஷமும் ஆட விடுவோம் என்று அந்தப் பிள்ளைகளின் அப்பாமார் சொல்லியிருந்தார்கள்.

"பொம்பளப் பிள்ளைங்க பந்து உதைக்கிறதை எவன் படிப்பான்? பத்துப் பேர் படிப்பாங்கன்னு காட்டு, படம் போடறேன். இன்னைக்கு மூலையில ரெண்டு வரி. நீயே அடிச்சுக்கோ" என்றார் அவர்.

எஸ்தர் அடித்தாள். எந்த மைதானம், எந்த இரண்டு அணி, கடைசி நிமிஷத்தில் விழுந்த ஒரே கோலில் கோப்பை முடிவானது என்பதெல்லாம் இருந்தது. தாமோதரன் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் போன் ஓயவில்லை. மீன் மார்க்கெட்டிலிருந்தும் பஸ் டெப்போவிலிருந்தும் ஒரே கேள்வி.

"ஜெயிச்சது யாருன்னு போடாம எவளாவது செய்தி அடிப்பாளா?" என்று தாமோதரன் கத்தினார்.

"படிக்கவே ஆளில்லைன்னீங்களே சார். இதுவரைக்கும் நாற்பத்தொரு பேர் கேட்டுட்டாங்க."

அவர் குரலைத் தணித்து, "சரி, யாருதாம்மா ஜெயிச்சது?" என்றார்.

"உங்களோட நாற்பத்திரண்டு சார். நாளைக்குப் படத்தோட போடுங்க, எல்லாரும் சேர்ந்தே தெரிஞ்சுக்கலாம்."