மூன்றாவது பாட்டு

ஆதிமூலம் அண்ணாச்சிக்கு ஒரு கவலை உண்டு. அந்தக் கவலைக்கு நாற்பது வயது.

டவுனில் கேசட் பதிவு செய்து கொடுக்கும் கடை வைத்திருந்தவர் அவர். பிடித்த சினிமாப் பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள். அண்ணாச்சி வரிசை மாறாமல் பதிந்து கொடுப்பார். நாடாவின் கடைசியில் மிச்சமிருக்கும் இடத்தில், யாரும் கேட்காமலே, தனக்குப் பிடித்த ஒருவரின் பாட்டைச் சேர்த்துவிடுவார். ஏதோ ஒரு கோயில் கொடைத் திருவிழாவில் பாடியவராக இருக்கும். பக்கத்து ஊரைத் தாண்டி அவர் பெயர் யாருக்கும் தெரியாது.

"ஊர் கேக்கட்டும்" என்பார் அண்ணாச்சி.

அந்த இடம் வந்ததும் ஊர் கேசட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டது.

கேசட் போயிற்று. கடையும் போயிற்று. கவலை மட்டும் போகவில்லை. இப்போது வாட்ஸப்பில் ஒரு குழு நடத்துகிறார். இருநூற்றுப் பதினான்கு பேர். தினமும் காலை ஆறு மணிக்கு, ஊர் அறியாத ஒருவரின் பாட்டை அனுப்புவார். ஏழு நிமிடப் பாட்டுக்கு மூன்றாவது விநாடியிலேயே கட்டைவிரல் வந்துவிடும்.

அறுபத்தொரு வயதில் அவர் ஆற்றங்கரை மடத்துச் சிற்றம்பலச் சாமியிடம் சீடராகச் சேர்ந்தார். சாமிக்கு முப்பத்தாறு வயது. சாமி அவரை அண்ணாச்சி என்றே கூப்பிட்டார். இதில் இரண்டு பேருக்குமே சங்கடம் இருந்ததில்லை.

மடத்தை நிறுவிய பெரிய சாமியின் குருபூஜைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. சாமி முற்றத்தில் உட்கார்ந்து தகர டோக்கன்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். பூஜை அன்று வாசலில் செருப்பு விடுகிறவர்களுக்குக் கொடுக்கும் டோக்கன்கள்.

"சாமி, ஒரு கேள்வி."

"கேளுங்க அண்ணாச்சி."

"நல்லாப் பாடுதவங்க எத்தனையோ பேர் இருக்காங்க. ஊருக்குத் தெரிய மாட்டேங்குது. அவங்களை நாலு பேருக்குத் தெரிய வைக்கிறது எப்படி?"

சாமி ஒரு டோக்கனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"யாரை நினைச்சுக் கேக்கீங்க?"

"ஆவுடையை."

ஆவுடை ரேஷன் கடையில் எடை போடுகிறவர். நாற்பத்து நாலு வயது. பெரிய சாமி எழுதி வைத்த பாட்டுகளைச் சுருதிப்பெட்டியைத் தானே அழுத்திக்கொண்டு பாடுவார். போன வருடம் அண்ணாச்சிதான் சொல்லிச் சொல்லி அவரைக் குருபூஜைக்குக் கொண்டுவந்தார். பதினொன்றரைக்குத் தொடங்கிப் பன்னிரண்டரை வரை. பன்னிரண்டரைக்கு மணி அடித்து அன்னதானம். அதாவது, பசிக்கும் பந்திக்கும் நடுவில் ஒரு மணி நேரம்.

"இந்த வருசத்தோட நிறுத்தப்போறாளாம் சாமி. பாடி முடிச்சதும் சுருதிப்பெட்டியை மடத்துலயே வச்சிட்டுப் போயிருதேன்னு சொல்லிட்டா. எனக்குச் சீனி நிறுத்துக்கிட்டே சொன்னா. தட்டுல இருந்து கண்ணைக்கூட எடுக்கல."

அண்ணாச்சி மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆறு வருசத்துக்கு முன்னால ஒரு கொடையில கேட்டேன். இன்னும் காதுலயே இருக்கு. அப்படி ஒரு குரல் ரேசன் கடையோட போயிரக் கூடாது சாமி."

"ஏன் நிறுத்துதாங்களாம்?"

"கேக்க ஆளில்ல. வேற என்ன?"

"அப்படி அவங்க சொன்னாங்களா?"

"சொல்லணுமாக்கும்? போன வருசம் நான் பாத்தேன்லா."

"என்ன பாத்தீங்க?"

அண்ணாச்சி மூச்சு விடாமல் ஒப்பித்தார். "ஆரம்பிக்கும்போது அறுபத்து மூணு பேர். முதல் பாட்டுல நாலு பேர் எந்திரிச்சாங்க. ரெண்டாவதுல ஆறு பேர். மூணாவதுல ஒரே நேரத்துல பதினோரு பேர். சாம்பார் வாசனை வந்த நேரம் அது. நான் வாசலை மறிச்சு நின்னு கையைப் பிடிச்சு இழுத்தேன். ஒருத்தர் நிக்கல, அவர் வேட்டிதான் என் கையோட வந்துச்சு."

சாமி சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கிய பிறகு கேட்டார்.

"மூணாவது பாட்டு என்ன பாட்டு?"

"பெரிய சாமி பாட்டுதான்."

"பெரிய சாமி எழுதினது எழுபத்திரண்டு. அதுல எது?"

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். முற்றத்துத் தென்னையைப் பார்த்தார். பிறகு நினைவு வந்தவர் போல் சொன்னார்.

"அதுலதான் சாமி, நடுவுல அடி மறந்துட்டா. பாட்டு அப்படியே நின்னு போச்சு. பதினோரு பேரும் கிளம்பினது அந்த இடத்துலதான். ஆனா நான் அதைச் சரிபண்ணிட்டேன்."

"எப்படி?"

"போனை மைக்குப் பக்கத்துல பதிய வச்சிருந்தேன்லா. வீட்டுக்குப் போய், திரையில சத்தமில்லாம கோடு படுத்துக் கிடந்த இடத்தைப் பாத்து வெட்டி எடுத்துட்டு, இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் ஒட்டிக் குழுவுக்கு அனுப்பினேன். ஒட்டு யாருக்கும் தெரியாது. நாப்பது வருசத் தொழிலு."

சாமி அடுத்த டோக்கனை எடுத்துத் துடைத்தார். அது ஏற்கெனவே துடைத்த டோக்கன்.

"சாமி, நீங்க மனசு வச்சாப் போதும். மைக்ல அவளைப் பத்தி நாலு வார்த்தை சொல்லுங்க. இசைப் பேரொளின்னு ஒரு பட்டம் கொடுங்க. சாப்பாட்டை மட்டும் அரை மணி தள்ளிப் போடுங்க."

"பன்னிரண்டரைங்கிறது பெரிய சாமி வச்ச நேரம் அண்ணாச்சி. சாம்பார் என்ன பாவம் பண்ணுச்சு?"

"அப்ப பட்டம்?"

"பட்டத்தைக் கேக்க வந்தவங்க, அதைக் கேட்டதும் எந்திரிச்சுப் போயிருவாங்களே."

அண்ணாச்சிக்கு முகம் விழுந்துவிட்டது. சாமி டோக்கன்களை டப்பாவில் போட்டு மூடினார்.

"ஒண்ணு செய்வோம். அன்னிக்கு வாசலை நான் பாத்துக்கிடுதேன். நீங்க முதல் வரிசையில உக்காருங்க. போனை எங்கிட்ட கொடுத்திரணும். பாட்டு முடியற வரைக்கும் திரும்பிப் பாக்கக் கூடாது."

"மடத்துச் சாமி செருப்பு டோக்கன் கொடுக்கிறதா? ஊர் என்ன சொல்லும்?"

"என்ன சொல்லும்? செருப்பை விட்டுட்டு உள்ள வரும்."

"நான் வாசல்ல இல்லன்னா கூட்டம் நிக்காது சாமி."

"நீங்க இருந்தும் நிக்கலையே அண்ணாச்சி."

குருபூஜை அன்று பதினொன்றரைக்கு ஆவுடை மேடை ஏறினார். நீலக் கரை போட்ட வெள்ளைச் சேலை. சுருதிப்பெட்டியை மடியோடு அணைத்து வைத்துக்கொண்டார். முதல் வரிசையில் அண்ணாச்சியைக் கண்டதும் ஒரு கணம் நம்பாதவர் போல் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார்.

முதல் பாட்டு முழுவதும் அண்ணாச்சிக்கு முதுகில் பூச்சி ஊர்கிற மாதிரி இருந்தது. பின்னால் ஒரு முழங்கால் சொடுக்கியது. ஒன்று, என்று எண்ணினார். வாசலில் டோக்கன் கிணுகிணுத்தது. இரண்டு. யாரோ இருமினார்கள். இருமிவிட்டு இருந்தார்களா, இருமிக்கொண்டே போனார்களா? தெரியவில்லை. திரும்பக் கூடாது என்று சொன்ன சாமி மேல் அவருக்குக் கோபம்கூட வந்தது.

இரண்டாவது பாட்டின் நடுவில் எண்ணிக்கை தவறிவிட்டது. பதினாலா, பதினைந்தா? மறுபடி முதலிலிருந்து எண்ணவும் வழியில்லை. வேறு வேலை இல்லாததால் பாட்டைக் கேட்டார்.

சாம்பார் வாசனை வந்தது. மூன்றாவது பாட்டும் வந்தது.

அது ஆற்றின் இந்தக் கரையில் நிற்கிற ஒருத்தி, அந்தக் கரையில் இருக்கும் ஓடக்காரனைக் கூப்பிடுகிற பாட்டு. ஆவுடை ஒரு தடவை கூப்பிட்டார். பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுகிற மாதிரி. இரண்டாம் தடவை சற்று உரக்க. மூன்றாம் தடவை குரல் நீண்டு போய்க்கொண்டே இருந்தது. கூரையைத் தாண்டி, தென்னைகளைத் தாண்டி, அக்கரைக்கே போய்விட்டது போல இருந்தது.

அங்கே பாட்டு நின்றது.

மறுபடியும் மறந்துவிட்டாள்! அண்ணாச்சியின் கை மேல்துண்டைப் பிசைந்தது. இப்போது எழுந்திருப்பார்கள். பதினோரு பேரோ, இருபது பேரோ. யாரையாவது பிடித்து நிறுத்த வேண்டும். திரும்ப வேண்டும். திரும்ப முடியாததால் ஆவுடையின் முகத்தைப் பார்த்தார்.

அந்த முகத்தில் மறந்தவரின் தவிப்பு இல்லை. கை சுருதிப்பெட்டியை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது. தலை இலேசாக ஒருபுறம் சாய்ந்திருந்தது. தூரத்திலிருந்து பதில் வருகிறதா என்று காது கொடுக்கிறவர்கள் அப்படித்தான் சாய்வார்கள்.

அண்ணாச்சியும் காது கொடுத்தார். சுருதி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சமையல்கட்டில் ஒரு மூடி விழுந்து சுழன்று அடங்கியது. அதற்கு அப்பால் ஆறு போகிற சத்தம். நாலு வருடமாக மடத்துக்கு வருகிறவர், அந்த மண்டபத்தில் உட்கார்ந்தால் ஆற்றின் சத்தம் கேட்கும் என்று அன்றுதான் அறிந்தார். பதில் வருமா? வந்துவிட வேண்டுமே என்று அவருக்கு இருந்தது.

ஆவுடை அடுத்த அடியைத் தொடங்கினார். தாழ்ந்த குரலில், பதில் கிடைத்துவிட்ட ஒருத்தியின் குரலில்.

அண்ணாச்சிக்குப் பகீரென்றது. இந்த இடத்தைத்தான் வெட்டி எறிந்திருக்கிறார். ஒட்டுத் தெரியாமல்.

அவர் அழுதார். அழுகிறோம் என்பது தெரியாமலே அழுதார். அதற்குப் பிறகு பின்னால் மண்டபம் இருந்ததா, அதில் மனிதர்கள் இருந்தார்களா என்பதெல்லாம் அவருக்கு நினைவில் இல்லை.

பன்னிரண்டரைக்கு அடிக்க வேண்டிய மணி அன்று பன்னிரண்டே முக்காலுக்குத்தான் அடித்தது. எல்லோரும் சாப்பிடப் போனார்கள். ஆவுடை மேடையிலிருந்து இறங்கி அண்ணாச்சியிடம் வந்தார்.

"என்ன அண்ணாச்சி, இன்னும் உக்காந்திருக்கீங்க?"

"தாயி, மூணாவது பாட்டுல அந்த இடம்..." அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போன வருசம் நீ அடி மறந்துட்டேன்னு நினைச்சு வெட்டிட்டேன்."

"தெரியும். ரேசன் வரிசையில நின்ன ஒருத்தர் போன்ல போட்டுக் காட்டினார். 'உங்க பாட்டுதாம்மா'ன்னார். குரல் என்னுதுதான். கூப்பிட்ட வாய் மூடலை, அதுக்குள்ள ஓடக்காரன் வந்து நிக்கான். எனக்கு அரிசி நிறுக்கவே கை ஓடல."

"அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்ல? நீங்க எனக்காக எவ்வளவு ஓடினீங்க. ஆனா அண்ணாச்சி, போன வருசம் பாட்டு முழுக்க நீங்க வாசலைப் பாத்துதான் நின்னீங்க. கூட்டிட்டு வந்த அண்ணாச்சிக்கே கேக்கலையே, பிறகு யாருக்குப் பாடன்னு தோணிப்போச்சு. அதான் பெட்டியை வச்சிட்டுப் போயிரலாம்னு நினைச்சேன்."

"என்னை மன்னிச்சிரு தாயி."

ஆவுடை சுருதிப்பெட்டியின் துருத்தியை மடக்கி, கொக்கியை மாட்டினார். கொண்டுவந்த துணிப்பைக்குள் வைத்தார்.

"அது மடத்துக்குன்னு சொன்னியே?"

"எனக்கு வேணும் அண்ணாச்சி" என்றார் ஆவுடை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பந்திக்குப் போனார்.

அண்ணாச்சிக்கு அப்போதுதான் வாசல் நினைவு வந்தது. ஓடினார்.

வாசலில் யாரும் இல்லை. டோக்கன் டப்பா திறந்து கிடந்தது. செருப்புகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்திருந்தன. ஒருவர் இரண்டு கால்களிலும் வேறு வேறு செருப்போடு நின்று, எது தன்னுடையது என்று யோசித்துக்கொண்டிருந்தார். சாமி மண்டபத்துக்கு உள்ளேயிருந்து வந்தார். அவர் கையில் கொடுக்காத டோக்கன்கள் ஏழெட்டு இருந்தன.

"சாமி, எத்தனை பேர் கடைசி வரைக்கும் இருந்தாங்க?"

"தெரியலையே அண்ணாச்சி."

"மணி ஏன் பிந்துச்சு? பெரிய சாமி வச்ச நேரமாச்சே?"

"மணி அடிக்கிறவர் உள்ள உக்காந்திருந்தார்."

"அவரை உள்ள யாரு கூப்பிட்டா?"

"யாரும் கூப்பிடல. நான் உள்ள போறதைப் பாத்துட்டுப் பின்னாலயே வந்தாராம்."

"நீங்க எதுக்கு உள்ள போனீங்க? வாசலைப் பாத்துக்கிடுதேன்னு சொன்னீங்களே சாமி!"

"பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார் சாமி. "வாசல்ல நின்னா உங்க முதுகுதான் நல்லாத் தெரியுது. ரெண்டு பாட்டு வரைக்கும் நெளிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. மூணாவதுல அப்படியே நின்னு போச்சு. இந்த மனுசன் அப்படி என்னத்தைக் கேக்காருன்னு எனக்கும் கேக்கணும் போல இருந்துச்சு."