முன்னூற்று அறுபது தடவை

தணிகாசலம் மூன்று மாதம் பழியாய்க் கிடந்து சோதித்த கருவி, ஒரு மருத்துவமனையில் காலை வாரிவிட்டது. குழந்தைகள் வார்டில் மூச்சு நின்றால் அலற வேண்டிய கருவி அது. காவலாளி ஒருவர் பக்கத்தில் நின்று வாக்கி டாக்கியில் பேசிய நேரத்தில், அந்த ரேடியோ அலையில் குழம்பி அது வாயே திறக்கவில்லை. குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனால் முன்போல் இல்லை என்றார்கள்.

ஆய்வகத்தில் இருபத்தைந்து வருடம் பழம் தின்று கொட்டை போட்டவர் தணிகாசலம். அவர் அளந்தால் அதற்கு மேல் பேச்சில்லை என்று பெயர். ஐம்பத்திரண்டு வயதில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தார். வழிகாட்டி ஹெலன் அவரைவிடப் பதினான்கு வயது சின்னவர். அவரிடமே போய் நின்றார்.

"முன்னூத்தி அறுபது தடவை பார்த்தேன் மேடம். ஒரு தடவைகூட அது தப்பு பண்ணல. எங்க கோட்டை விட்டேன்?"

ஹெலன் அவரைச் சோதனை அறைக்கு அழைத்துப் போனார். நாலு பக்கமும் உலோகச் சுவர். உள்ளே விடும் ரேடியோ அலை வெளியேற வழியில்லாமல் மோதி மோதித் திரும்பும். நடுவில் ஆளுயரத் தகடுகள் வைத்த ஒரு சுழலி. அதைத் திருப்பினால் அலைகள் கலைந்து வேறு விதமாக விழும். அந்த அலையில் கருவி தடுமாறுகிறதா என்று ஒவ்வொரு டிகிரியாகத் திருப்பித்தான் தணிகாசலம் ஒரு முழுச் சுற்றையும் சோதித்திருந்தார்.

"ஒரு டிகிரி திருப்புங்க சார்."

திருப்பினார். அலையை அளக்க அங்கங்கே வைத்திருந்த மீட்டர்களில் எண்கள் கிட்டத்தட்ட அப்படியே இருந்தன. இன்னொரு டிகிரி. அதே கதைதான். முதலில் குறித்ததோடு ஒட்டுறவே இல்லாத எண்கள் வருவதற்குப் பதினெட்டு டிகிரி ஆனது.

தணிகாசலம் மனக்கணக்கு போட்டுப் பார்த்தார்.

"பதினெட்டு டிகிரிக்குள்ள எல்லாம் ஒரே சோதனைதான். அப்ப நான் பார்த்தது இருபது தடவைதான்."

ஹெலன் தலையசைத்தார். எண்ணிக்கை மலைபோலத் தெரிந்ததால், கருவியை அறைக்குள்ளேயே இடம் மாற்றி வைத்து மறுபடி பார்க்க வேண்டும் என்று தணிகாசலத்துக்குத் தோன்றவே இல்லை. வெறும் இரண்டு நாள் வேலை அது.

தணிகாசலம் பையிலிருந்து கருவியின் சோதனை அறிக்கையை எடுத்து நீட்டினார். அவர் கையெழுத்துக்குக் கீழே, சரிபார்த்தவர்கள் என்று இன்னும் ஐந்து கையெழுத்துகள். கடைசியாக இருந்தது ஹெலனுடையது.

"ஆறு பேர் பார்த்தோமே மேடம். ஒருத்தர் கண்ணுலகூடவா படல?"

ஹெலன் தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க கருவியைப் பார்த்தீங்க சார். நாங்க அஞ்சு பேரும் உங்களைப் பார்த்தோம்."