மூக்குத்திக் கல்லின் அடிப்பாகம்

தேர் ஓடிய ஊர்களின் கதை நிறையக் கேட்டிருப்பீர்கள். வெகுகாலத்துக்கு முன் தேர் நின்றுபோன ஊரின் கதை இது.

அந்த ஊர் அம்மன் வைர மூக்குத்தி அணிவாள். கூட்டத்தின் கடைசியில் நிற்பவர் அதன் ஒளியைப் பார்த்து, "கண்டேன்" என்று சொன்ன பிறகே ஊரார் தேர் வடத்தைத் தொடுவார்கள்.

ஒரு வருடம் அரசர் தம் பாட்டனாரின் பெரிய வைரத்தை மூக்குத்திக்குக் கொடுத்தார். பட்டை தீட்டும் மாசாத்தியிடம், "பாட்டனார் பெருமையே இதன் கனம்தான். குன்றிமணி எடைக்கு மேல் குறைந்தால் உன் கட்டைவிரல் போகும்" என்றார்.

மாசாத்தி மேற்புறத்தை மட்டும் தீட்டினாள். தேர் நாளன்று கூட்டத்தின் கடைசியில் நின்ற ஒச்சன், தேருக்கு முட்டுக்கட்டை போடுபவன், எட்டிப் பார்த்தான்.

"காணேன்."

மறுநாள் இன்னும் தீட்டினாள். "காணேன்."

மூன்றாம் நாளும் தீட்டினாள். "காணேன்."

"கண்ணுல இருக்கிற பீளையைத் துடைச்சிட்டுப் பாருய்யா" என்றது கூட்டம்.

"இருட்டு என் கண்ணுல இல்லை, கல்லுல இருக்கு" என்றான் அவன்.

வடத்தின் மேலேயே ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். தேரில் பூ வாடியது.

மாசாத்திக்கு முதல் நாளே தெரியும். கல்லின் அடிப்பாகம் மிக ஆழம். மேலே நுழையும் ஒளி திரும்ப வழியின்றிக் கீழே ஒழுகிவிடுகிறது. அடியைச் சரியான சரிவாக வெட்டினால், ஒளி ஒரு சரிவில் மோதி, எதிர்ச் சரிவில் மோதி, மேலே திரும்பி வரும். அதற்குப் பாதிக் கல் போக வேண்டும்.

மூன்று நாளாகப் பயந்து பயந்து, இனிப் பயப்படவும் அவளிடம் தெம்பில்லை. கல்லைத் திருப்பிச் சாணையில் வைத்தாள். பாதிக் கல் தூளாகப் போனது.

மறுநாள் காலை, ஒச்சன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நின்ற இடத்திலேயே கண்ணைச் சுருக்கினான்.

"கண்டேன்" என்றான், மெதுவாக.

தேர் நிலைக்குத் திரும்பியதும் அரசர் தராசோடு வந்தார். வைரத்தின் தட்டு மேலேறி நின்றது. மாசாத்தி அந்தத் தட்டின் மேல் கட்டைவிரலை நீட்டினாள்.

அரசர் குனிந்து பார்த்தார். சாணையில் உரசி உரசி நகம் போய், நுனி மழுங்கிய விரல். அதன் பக்கத்தில், பிறந்ததிலிருந்து தாம் பார்த்துவந்தும் ஒருநாளும் ஒளிர்ந்து பார்த்திராத கல்.

"இந்த விரலும் பாதிதானே மிச்சம் இருக்கு" என்றார் அவர், களைத்த குரலில். "போய்ப் படும்மா."

எதையும் இழக்கக் கூடாது என்று அஞ்சி வைத்திருக்கும் பொருள், எவ்வளவு பெரியதானாலும், யாருக்கும் வெளிச்சம் தராது.