பதிமூணாவது ஆளுக்கு ஆமை

வழிவிட்டான் அண்ணன் பொய் சொல்லமாட்டார். பொய் சொல்வதற்கு முதலில் உண்மை எது என்று தெரிந்திருக்க வேண்டும். அவருக்கு அந்தத் தொந்தரவே கிடையாது.

எங்கள் சமையல் செட்டில் அவருக்குப் பந்தி விசாரிப்பு வேலை. பரமக்குடி வட்டாரத்தில் எந்தக் கல்யாணத்துக்கு நாங்கள் அடுப்பு மூட்டினாலும், வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக இலைக்கு இலை குனிந்து, "சாம்பார் வந்துச்சா? அப்பளம் இன்னொண்ணு? பாயாசம் பின்னாடியே வருது, எந்திரிச்சிராதீக" என்று கேட்டுக்கொண்டே போவார். பாயாசம் தீர்ந்து அரை மணி நேரம் ஆகியிருக்கும். அப்போதும் வருது என்பார். ஜனங்களும் நம்பி விரலைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இருபத்தெட்டு வருசமாக வாயாலேயே வடை சுட்டுப் பழகிய மனுசன்.

நான் பூமிநாதன். எண்ணெய்ச் சட்டியில் நிஜ வடை சுடுகிறவன். என் வடைக்குக் கிடைக்காத பேர் அவர் வாய் வடைக்குக் கிடைத்ததில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு. பின்னால் யாராவது கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

மார்கழி பிறந்தால் கல்யாணம் கிடையாது. ஊர் முழுக்கக் கோலம் போட்டுக்கொண்டிருக்கும்போது எங்கள் செட்டு மட்டும் அண்டாவைக் கவிழ்த்துவிட்டுச் சும்மா கிடக்கும். அதனால் வருசா வருசம் மார்கழியில் ஒரு டூர். இந்தத் தடவை தீவு என்று முடிவானது. பாம்பன் பக்கம் போய்ப் படகு பிடிப்பது, இறங்க விடுகிற தீவில் இறங்குவது, மற்றதையெல்லாம் படகிலிருந்தே சுற்றிப் பார்ப்பது, மத்தியானம் கரைக்கு வந்து மீன் குழம்பும் சோறும். கார்த்திகைக் கடைசி முகூர்த்தம் முடிந்த மதியம், மண்டபத்துப் பின்கட்டில் பாத்திரம் கழுவிக் கவிழ்த்த இடத்திலேயே எல்லாரும் உட்கார்ந்தோம். கோட்டைச்சாமி மாஸ்டர் படகுக்கார இன்னாசிக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

"பன்னெண்டு பேருதாண்ணே," என்றான் இன்னாசி. "லைப் ஜாக்கெட்டு பன்னெண்டுதான் இருக்கு. பதிமூணாவது ஆளு ஏறுனா நான் கயித்தை அவுக்கமாட்டேன்."

நாங்கள் பதிமூன்று பேர்.

காய் நறுக்குகிற முத்திருளாயி அக்கா ஒரு தடவை எண்ணிப் பார்த்தாள். மாஸ்டர் இரண்டு தடவை எண்ணினார். முந்நூறு பேர் என்று சொன்ன கல்யாணத்துக்கு நானூறு பேர் வந்தால் சாம்பாரில் ரெண்டு குடம் வெந்நீரை ஊற்றிச் சமாளித்துவிடுவோம். படகில் எதை ஊற்றுவது? எங்கள் தொழிலில் இதற்கு வழி கிடையாது.

"ஒருத்தரு கரையில இருந்து குழம்பை வைக்கட்டும். வண்டியையும் செருப்பையும் பாத்துக்கிறட்டும்," என்றார் மாஸ்டர். "யாருன்னு சீட்டுக் குலுக்கிப் பாத்துருவோம்."

சீட்டு என்றதும் வழிவிட்டான் அண்ணனுக்கு முகம் சுண்டிப்போனது. அவர் ராசி அப்படி. ஊரையெல்லாம் உட்கார வைத்துவிட்டுக் கடைசிப் பந்தியில் அவர் உட்காரும்போது கூட்டு வழித்த சட்டிதான் வரும். குலுக்கினால் தன் பெயர்தான் விழும் என்று அவருக்கே தெரியும். கடலில் அவர் ஒரு நாளும் போனதில்லை என்பது எனக்குத் தெரியும். ராமேஸ்வரத்துக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போனபோதுகூட, கரையில் நின்றபடி அடுத்தவரிடம் சொம்பில் மொண்டு தரச்சொல்லித் தலையில் தெளித்துக்கொண்டு வந்தவர். ஆனால் ஆசை மட்டும் ரொம்ப. ஒரு மாதமாக வாயைத் திறந்தால் தீவுதான்.

"பூமி, ஒரே ஒரு தடவை படகுல போயிப் பாக்கணும்டா" என்று சொல்லியிருந்தால் என் இடத்தைக் கொடுத்திருப்பேன். சத்தியமாகக் கொடுத்திருப்பேன். ஊரையெல்லாம் என்ன வேணும், என்ன வேணும் என்று கேட்கிற மனுசனுக்குத் தனக்கு என்ன வேணும் என்று சொல்ல வராது.

துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார். "என்னைய விட்டுட்டு மத்தவுக குலுக்கிக்கங்க. நான் இல்லாம படகு போகக் கூடாது. அந்தக் கடலு எனக்கு அம்புட்டுப் பழக்கம்."

"எம்புட்டு?" என்று கேட்டாள் முத்திருளாயி அக்கா. கேட்டிருக்கக் கூடாது.

"முயல் தீவுல ஒரு கல்யாணம். எண்ணூறு இலை. நான்தான் விசாரிப்பு."

"முயல் தீவுல மனுச மக்களே கெடையாதேண்ணே. அங்க யாருக்குக் கல்யாணம்?"

"ஆளில்லாத தீவுங்கிறதாலதான் தாயி மண்டப வாடகை இல்லாம முடிஞ்சுச்சு. குறுக்க பேசாத. அன்னைக்குன்னு பாத்து மாஸ்டர், இவரில்ல, வேற மாஸ்டர், இவரை விடக் கெட்டிக்காரரு, சாம்பாருக்கு உப்புப் போட மறந்துட்டாரு."

கோட்டைச்சாமி மாஸ்டர் தொண்டையைச் செருமினார். அண்ணன் கண்டுகொள்ளவில்லை.

"எண்ணூறு பேரும் இலைக்கு முன்னாடி உக்காந்தாச்சு. உப்பு இல்ல. வாங்கக் கடையும் இல்ல. நான் என்ன செஞ்சேன்? சாம்பார் அண்டாவை அப்படியே தூக்குனேன்."

"ஒத்தைக் கையிலயா?" என்றேன் நான்.

"பின்ன? இன்னொரு கையிலதான் அப்பளக் கூடை இருக்கே. தூக்கிட்டுப் போயிக் கடல்ல ஒரு முக்கு. ஒரே முக்குதான். உப்பு சரியா நின்னுச்சு. ஆனா பாதிச் சாம்பாரு கடலுக்குள்ள போயிருச்சு. அதுக்கப்புறம் ஒரு வாரம், பாம்பன்லருந்து வாலிநோக்கம் வரைக்கும் பிடிச்ச மீனெல்லாம் புளி, மல்லி, பெருங்காயத்தோடயே வலையில ஏறுச்சு. வாங்குனவுக சும்மா சுட வச்சுத் தின்னாக. மசாலாப் பொடிக்காரன் எம்மேல பிராது குடுத்தான்."

"அப்ப கடல்ல உப்புக் கொறையலையா?"

"நல்லாக் கேட்ட பூமி. அதுக்கு முன்னாடி கடலு கொஞ்சம் கரிப்புத் தூக்கலாத்தான் இருந்துச்சு. இப்ப நாக்குல வச்சுப் பாரு. அளவா இருக்கும். யாரு செஞ்சது?"

கழுவிய கரண்டிகள் உருளும்படி சிரித்தோம். "கேக்குறவன் கேணையா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பாக," என்றாள் அக்கா. சிரிப்பைக் கேட்டதும் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். யாராவது சிரித்தால் படகில் இடம் தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டுவிட்டார் போலிருக்கிறது.

"இதுக்கேயா? மாப்பிள்ளை வீட்டுப் படகு காத்துல மாட்டி, நாலு தீவுல நாலு கூட்டமா ஒதுங்கிட்டாக. ஒருத்தரு சாப்பிடாமப் போனாலும் விசாரிப்புக்கு அவமானமா இல்லையா? காலிச் சோத்து அண்டாவைக் கடல்ல மிதக்கவிட்டு நடுவுல உக்காந்தேன். சக்கரைப் பொங்கல் கிண்டுற துடுப்பாலயே வலிச்சேன். ஒரு தீவுல சோறு, ஒரு தீவுல சாம்பார், ஒரு தீவுல ரசம், ஒரு தீவுல மோரு."

"அப்ப சோறு வாங்குனவனுக்கு மோரு?" என்றார் மாஸ்டர். தொழில்காரர், அவருக்கு அந்தக் கவலை.

"மறு சுத்து வருவேன்ல? ரசத்துல ஆவி அடங்குறதுக்குள்ள நாலு தீவையும் ரெண்டு சுத்து முடிச்சிட்டேன்."

"காத்து சும்மாவா விட்டுச்சு?"

"கச்சான் காத்து மூஞ்சிக்கு எதுக்கவே அடிக்குது. அண்டா நகரல. நான் துடுப்பைக் கீழ வச்சிட்டு, 'சாப்பிட்டீகளா? ஒங்களுக்கு என்ன வேணும்?'னு கேட்டேன். அதுக்கிட்ட யாரும் அப்படிக் கேட்டதே இல்ல போல. அப்படியே நின்னு போச்சு."

"இப்ப அந்த அண்டா எங்கய்யா?" மாஸ்டருக்கு எந்தக் கதையிலும் பாத்திரம் திரும்பி வந்தாக வேண்டும்.

"ஓட்டை விழுந்து நடுக்கடல்ல முங்கிருச்சு. என்னையச் சேத்து."

"ஆத்தி! அப்புறம்?" என்றாள் அக்கா.

"எதுக்குப் பதறுற? அடியில போயிச் சம்மணம் போட்டு உக்காந்தேன். ஒரு பந்தி நேரம்."

"மூச்சு?"

"பந்தி நடக்கும்போது நான் மூச்சு விட்டு எப்பயாச்சும் பாத்திருக்கியா? எல்லாம் அந்தப் பழக்கம்தான்."

இது உண்மை.

"அங்கன ஒரு ஆமை கெடந்துச்சு. நம்ம மண்டபத்து வாசல் அகலம். மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, பட்டினி. மடியில ரெண்டு வடை வச்சிருந்தேன். நம்ம பூமி சுடுற மாதிரிக் கல்லு வடை இல்ல, நல்ல மெது வடை. குடுத்தேன். தின்னுட்டு, ஏறுங்கன்னு முதுகைக் காமிச்சுச்சு. அன்னையிலருந்து நமக்கு அதுதான் வண்டி. பாம்பன் பாலத்துக்கிட்ட நின்னு துண்டை ஒரு வீசு வீசுனா இப்பவும் வந்துரும். மண்டபம் ஊர்லருந்து தூத்துக்குடி வரைக்கும் ஒரு தீவு பாக்கி இல்ல. நான் உக்காந்து உக்காந்து அதுக்கு முதுகுல குழியே விழுந்துபோச்சு."

எனக்கு எதற்குக் கோபம் வந்தது என்று நினைக்கிறீர்கள்? கடலடியில் உட்கார்ந்ததற்கு இல்லை. ஆமைக்கு இல்லை. கல்லு வடை என்றாரே, அதற்கு.

"ஆமை என்ன வேகம் போகும்?" என்றேன் கடுப்பாக.

"தரையிலதான் அது மெதுவு. பந்திக்கு வர்றவன் வாசல்ல அன்னநடைதான் நடப்பான். உள்ள இலை போட்டாச்சுன்னு சொல்லிப் பாரு."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பாதிப் பேர் அவர் பக்கம் சாய்ந்திருந்தார்கள். மாஸ்டர்கூட, "படகுல பேச்சுக்கு ஒரு ஆளு வேணும்ல" என்று முனகினார். அண்ணனோ துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்னும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"ஒரு தடவை ஆமையில போறேன். ஒரு சின்னத் தீவு, கூட்டத்தோட சேராம நடுக்கடல்ல ஒத்தையில நிக்குது. பந்தியில எடம் கெடைக்காம நிக்கிற ஆளைப் பாத்திருக்கீகள்ல? கைய எங்க வைக்கிறதுன்னு தெரியாம நிப்பான்ல? அப்படி நிக்குது. எனக்கு மனசு கேக்கல. கையப் பிடிச்சு, 'வாங்க வாங்க, இங்கன ஒரு இலை இருக்கு'ன்னு இழுத்துட்டு வந்து மத்த தீவுகளுக்கு நடுவுல உக்கார வச்சேன். இப்பவும் அங்கதான் இருக்கு."

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. முத்திருளாயி அக்காகூடக் கீழே பார்த்தாள். அந்த நொடியில் மாஸ்டர் "சரிய்யா, நீ வா" என்று சொல்லியிருப்பார். வாயைக்கூடத் திறந்துவிட்டார்.

அண்ணனுக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. நம்பவில்லையோ என்று பயந்துவிட்டார். "இதையெல்லாம் படகுல போயிச் செய்ய முடியுமா?" என்றார் சத்தமாக. "படகு, ஜாக்கெட்டெல்லாம் நீச்சல் தெரியாத பயலுகளுக்கு. எனக்கு எதுக்கு? ஏதோ ஒங்களுக்காகத்தான் நான் ஏறி உக்காரச் சம்மதிக்கிறதே."

தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மா இல்லை.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்தாள். "மாஸ்டரே, சீட்டுக் குலுக்க வேணாம். எங்களுக்கு நீச்சல் தெரியாது, நாங்க பன்னெண்டு பேரும் படகுல போறோம். அண்ணனுக்கு ஆமை இருக்குல்ல? பாவம், எங்களுக்காக அவரு எதுக்குக் கஷ்டப்படணும்?"

"அட, கணக்குச் சரியாப் போச்சே," என்றார் மாஸ்டர். பத்துப் பேர் கைதட்டினார்கள். குலுக்கலில் தன் பேர் விழுமோ என்று அதுவரை பயந்துகொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் தட்டினார்கள்.

நான் தட்டவில்லை. ஆனால் பேசவும் இல்லை. என் இடத்தைத் தருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான். நாக்கு நுனி வரை வந்தது. அங்கே அந்தக் கல்லு வடை வந்து குறுக்கே உட்கார்ந்துகொண்டது.

வழிவிட்டான் அண்ணன் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இருபத்தெட்டு வருசத்தில் அவர் வாய் சும்மா இருந்ததை அன்றுதான் பார்த்தேன். பிறகு துண்டை மறுபடி உதறினார். "அதுக்கென்ன? நான் முன்னாடியே போயித் தீவுல இலை போட்டு வைக்கிறேன். நீங்க நிதானமா வாங்க," என்றார். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

மார்கழி எட்டாம் தேதி காலை பாம்பனில் படகு ஏறினோம். ஆரஞ்சு ஜாக்கெட்டில் பன்னிரண்டு பேரும் ஒரே மாதிரி இருந்தோம். கரையில் அண்ணன். எங்கள் பன்னிரண்டு ஜோடிச் செருப்பையும் பந்தியில் இலை போடுகிற மாதிரி நூல் பிடித்து வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்டித் தண்ணீர் ஓரமாக வந்தார். ஒரு சின்ன அலை கணுக்காலைத் தொட்டது. துள்ளிப் பின்னால் போனார்.

பழக்க தோஷம் விடவில்லை. படகின் நீளத்துக்குக் கரையிலேயே நடந்துகொண்டு விசாரிக்க ஆரம்பித்தார். "எல்லாருக்கும் எடம் இருக்கா? நெருக்கமா இல்லையே? இருளாயி, ஓரத்துல உக்காராத. பூமி, குடிக்கத் தண்ணி எடுத்துக்கிட்டியா?"

எடுத்துக்கொண்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினேன். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

இன்னாசி கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கேட்டான். "யாருக்கா அவரு? ஏறலையா?"

"அவரு பின்னாடி ஆமையில வாறாரு," என்றாள் முத்திருளாயி அக்கா.

படகே குலுங்கியது. இன்னாசி மட்டும் சிரிக்கவில்லை. கரையில் நின்றவரை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு என்ஜினைக் கிளப்பினான்.

"சொல்லி வைங்கக்கா. ஆமை மேல ஏறுனா பாரஸ்ட்டுக்காரக கேஸ் போட்டுருவாக."