ஒன்பது முகப் பாளையக்காரர்

ஆவாரங்காட்டுப் பாளையக்காரர் சூரப்பருக்குத் தன் உருவத்தைக் கோயில் வாசலில் கல்லில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. சாமி கும்பிட வருகிறவர்கள் முதலில் தன்னைக் கும்பிடட்டுமே என்கிற பெரிய மனசு.

வேலையை ஒப்புக்கொண்ட தலைமைச் சிற்பியை அயலூர்க்காரர்கள் அவசரமாகத் தேர் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். கிளம்பும்போது மூத்த சீடன் மாசிலானிடம் சொன்னார்: "நின்ற உருவம். உசரம் ஒன்பது முகம். அளவு தப்பினா பாளையக்காரர் நம்ம கட்டைவிரலை வெட்டிடுவார், ஜாக்கிரதை."

ஒரு முகத்தின் நீளம் எவ்வளவோ அதைப்போல் ஒன்பது மடங்கு உயரம் என்று அர்த்தம். அந்தக் காலத்துச் சிற்பிகள் மனித உடம்பை அப்படித்தான் அளந்தார்கள். மாசிலானுக்கு அது தெரியாது. தன் கட்டைவிரலை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டு, இளைய சீடர்கள் கொப்பையனையும் பொன்னுரங்கத்தையும் ஆலோசனைக்கு உட்கார வைத்தான்.

"ஒன்பது முகம் சரி. உடம்பு எங்கே வைக்கிறது?" என்றான் கொப்பையன்.

"கிளம்பறப்போ உடம்பைப் பத்தி ஐயா ஒரு வார்த்தை பேசினாரா?"

"இல்லே."

"சொல்லாததைச் செதுக்கினா அது அதிகப்பிரசங்கித்தனம்" என்றான் மாசிலான்.

பொன்னுரங்கம் தாடையைச் சொறிந்தான். "நின்ற உருவம்னாரே? கால் இல்லாம எப்படி நிக்கும்?"

மாசிலான் ஒரு கைமுட்டி மேல் இன்னொன்றை வைத்துக் காட்டினான். "ஒரு முகத்து மேல இன்னொரு முகம் நின்னுக்கட்டும்."

இரண்டு மாதத்தில் சிலை முடிந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக ஒன்பது சூரப்பர்கள் மீசையோடு முறைத்தார்கள். திரையை விலக்கியதும் பாளையக்காரர் சிலையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். மாசிலான் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டான்.

மந்திரிமார் எட்டுப் பேரும் பாளையக்காரரின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் கோபப்படுவாரா, சிரிப்பாரா என்று பிடிபடவில்லை. பெரிய மந்திரி துணிந்து, "அச்சு அசல் மகாராசாவேதான்!" என்றார். மற்ற ஏழு பேரும் கண்ணீர் விட்டார்கள்.

சூரப்பர் கண்ணாடி கொண்டுவரச் சொல்லித் தன்னைப் பார்த்தார். "சிலை சரியாத்தான் இருக்கு. நமக்குத்தான் எட்டு முகம் குறையுது" என்றார் வருத்தத்தோடு. "திருவிழா ஊர்வலத்துக்குள்ள இதைச் சரிபண்ணு, மாசிலா!"

விரல் பிழைத்த சந்தோஷத்தில் மாசிலான் உடனே வேலையில் இறங்கினான். பாளையக்காரரை நிற்க வைத்து, அவர் தோளில் ஒரு மந்திரியை ஏற்றினான். அந்த மந்திரி தோளில் இன்னொருவர். இப்படியே எட்டுப் பேர்.

"மகாராசா கீழேயா?" என்று கொப்பையன் கிசுகிசுத்தான்.

"அஸ்திவாரம் பெரிய இடமா இருக்கணும்டா."

ஊர்வலம் ஆடி ஆடிக் கோயில் வாசலுக்கு வந்தது. உச்சியில் இருந்த மந்திரியின் தலை வாசல் நிலையின் மேற்கல்லில் மடாரென்று இடித்தது.

"ஒருத்தரை இறக்கிடலாமா?" என்றான் பொன்னுரங்கம்.

"இறக்கினா அளவு கெட்டுடும். தரையைத் தோண்டு!"

தோண்டினார்கள். முக்கலும் முனகலுமாகச் சூரப்பர் கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளத்துக்குள் இறங்கினார். கழுத்து மறைந்தது, மீசை மறைந்தது, கடைசியில் தலைப்பாகையும் மறைந்தது. வாசலுக்கும் உச்சிக்கும் நடுவே தாராளமாக இடம் விழுந்தது.

மாசிலான் ஓர் எட்டு பின்னால் போய், ஒற்றைக் கண்ணை மூடி, முகங்களை எண்ணினான். எட்டுதான் இருந்தது.

"ஒண்ணு குறையுதுடா!" என்று அலறி, பக்கத்தில் கொட்டடித்துக்கொண்டிருந்தவரைப் பிடித்து உச்சியில் ஏற்றிவிட்டான்.